ஸ்மார்ட் போர்டில் ப்ளஸ் டூ கணிதம்: ஸ்லைடரைத் தொடும் முன்

கணித வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் பல பள்ளிகளில் பாடம் மாறவில்லை. பாடநூலின் பி.டி.எஃப். திரையில் விரிகிறது, கரும்பலகையில் எழுதியதையே ஆசிரியர் இப்போது கண்ணாடிமேல் எழுதுகிறார். அல்லது இணையத்தில் கிடைத்த அனிமேஷன் ஒன்று ஓடுகிறது, வகுப்பு "ஆஹா" என்கிறது, மணி அடிக்கிறது. இரண்டுக்கும் அவ்வளவு விலையுள்ள பலகை தேவையில்லை.

சாக்பீஸால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. ஸ்லைடர் என்ற நகரும் பொத்தானைத் திரையில் இழுத்து ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த வரைபடம், சாய்வு, பரப்பு எல்லாம் கண்ணெதிரே மாறும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணிதத்தில் அது உண்மையாகவே உதவும் இடங்கள் வருடத்துக்கு ஒரு பதினைந்து பீரியடுகள் இருக்கலாம். எல்லை, வகைக்கெழு, பெருமம்-சிறுமம், கூம்பு வெட்டு, வரையறுத்த தொகை, வகைக்கெழுச் சமன்பாடு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அணிக்கோவையை விரிக்கவும் தனிநிலைக் கணிதத்தில் மெய்யட்டவணை போடவும் திரையைத் தேடி ஓட வேண்டாம். கரும்பலகையே வேகம்.

இங்கே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் ஜியோஜீப்ரா போதும். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய இந்த மென்பொருள் பள்ளிப் பயன்பாட்டுக்கு இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வரும் இணையச் செயல்பாடுகளிலும் இது இருப்பதால் மாணவர்களுக்குப் பெயர் புதிதல்ல. சூத்திரங்களைக் கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். விசைப்பலகையில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்துகள்தான்.

கருவியைச் சரிபார்த்தல்

தொடுதிரைப் பலகையோடு மடிக்கணினியை இணைக்கும்போது எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டுமே கொண்டுபோகும். விரல் தொட்டது கணினிக்குத் தெரிய, பலகையிலிருந்து கணினிக்குத் தனியாக ஒரு யு.எஸ்.பி. கேபிள் வேண்டும். "படம் வருகிறது, தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பலகைக்குள்ளேயே கணினி பொருத்தப்பட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பெரும்பாலான பலகைகள் சட்டத்தின் ஓரத்திலிருந்து பாயும் அகச்சிவப்புக் கதிர்களை வைத்துத் தொடுதலை அறிகின்றன. அதனால் கண்ணாடியைத் தொடாமலேயே சேலைத் தலைப்போ முழுக்கைச் சட்டையோ நெருங்கினால்கூடத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் சாக்பீஸ் தூள் படிந்தாலும், சன்னல் வெயில் நேராக விழுந்தாலும் தொடுபுள்ளி தானாகத் துள்ளும். வாரம் ஒருமுறை ஈரமில்லாத மென்துணியால் நான்கு ஓரங்களையும் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கரும்பலகையும் திரையும் அடுத்தடுத்து இருந்தால் தூள் பறக்காத வெள்ளைப் பலகைக்கு மாறலாம் என்று தோன்றும். ஆனால் மார்க்கர் எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரிவதில்லை. தூளைத் துடைப்பதே மேல்.

புரொஜெக்டர் என்றால் வேறொரு சிக்கல். சாய்த்து வைத்த புரொஜெக்டரில் சதுரம் சரிவகமாகிறது. திரை விகிதம் பொருந்தாவிட்டால் வட்டம் நீள்வட்டமாகிறது. கூம்பு வெட்டுப் பாடத்தை இப்படிப்பட்ட திரையில் நடத்தினால் குழப்பத்தை நாமே விலைக்கு வாங்குகிறோம். வகுப்புக்கு முன் ஒரு வட்டத்தை வரைந்து, குறுக்கும் நெடுக்குமாக அளவுகோல் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை புரொஜெக்டரைச் சரிசெய்யுங்கள்.

பழைய, நினைவகம் குறைந்த கணினியில் ஜியோஜீப்ரா கிளாசிக் 5 நன்றாக ஓடும். ஒரே பள்ளியில் பல கணினிகள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு, ஒரே மொழி இருக்கட்டும். மென்பொருளின் மொழியை மாற்றினால் கட்டளைப் பெயர்களும் மாறக்கூடும். நேற்று வேலை செய்த கட்டளை இன்று "தெரியாத கட்டளை" ஆகிவிடும்.

கோப்பை முந்தைய நாளே செய்துவைக்க வேண்டும்

வகுப்பில் எல்லோரும் பார்த்திருக்க, வெற்றுத் திரையில் தொடங்கிக் கட்டளை தட்டிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் போய்விடும். கோப்பு தயாராக இருக்கட்டும், ஒரு கோப்பில் ஒரு கருத்து மட்டும் இருக்கட்டும். ஐந்து ஸ்லைடர் உள்ள கோப்பு செய்தவருக்குத்தான் புரியும். வகுப்பில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

எழுத்தளவை 24 அல்லது 28 ஆக்குங்கள். கோட்டுத் தடிமனை வழக்கமான அளவைவிட இரண்டு படி கூட்டுங்கள். மஞ்சளும் இளம்பச்சையும் புரொஜெக்டரில் காணாமல் போகும். கருநீலம், கருஞ்சிவப்பு, கறுப்பு போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மாணவர் எந்த வகுப்பிலும் இருக்கலாம். ஆகவே இரண்டு வளைவுகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல், ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வையுங்கள்.

நகரக் கூடாத எல்லாப் பொருள்களையும் அவற்றின் பண்புகளில் "நிலையான பொருள்" என்று பூட்டிவிடுங்கள். மாணவர் கை பட்டால் அச்சுகளோ வளைவோ இழுபடக் கூடாது. கோப்பைச் சேமிக்கும்போது நகர்த்தும் கருவி, அதாவது அம்புக்குறி, தேர்வில் இருக்கட்டும். புள்ளி வைக்கும் கருவி தேர்வில் இருந்தால் தொடும் இடமெல்லாம் புதுப்புள்ளி முளைக்கும். உள்ளங்கை பட்டுத் திரை பெரிதாகிவிட்டால் கண்ட்ரோல்-எம் அழுத்தினால் பழைய பார்வை திரும்பும். இதை வகுப்பில் ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்து விசைப்பலகை அருகே உட்கார வைத்துவிட்டால் ஆசிரியர் நிம்மதியாக நடத்தலாம்.

கணிப்பு முதலில்

ஸ்லைடரை நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் "என்ன ஆகும்" என்று நோட்டில் எழுதவோ வரையவோ வேண்டும். மூன்று நிமிடம் போதும். இதை விட்டுவிட்டால் மீதி எல்லாமே வேடிக்கைதான். நகர்த்திக் காட்டியபின் "புரிந்ததா?" என்று கேட்டால் அறுபது பேரும் புரிந்தது என்பார்கள், கண்ணால் கண்டதெல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். தான் வரைந்ததும் திரை காட்டியதும் வேறாக இருக்கும்போதுதான் மாணவருக்குக் கேள்வி வருகிறது.

கணிப்பு வாய்மொழியாக இருந்தால் முன் பெஞ்சின் இரண்டு பேர் சொல்வதை வகுப்பே ஏற்றுக்கொள்ளும், எனவே எழுத்தில்தான் வேண்டும். எழுதி முடித்தபின் அழிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். தவறான கணிப்புக்குப் பக்கத்தில் சரியான படத்தை வரைந்துகொள்ளட்டும்.

வெட்டுக்கோடு தொடுகோடாகும் பாடம்

ப்ளஸ் ஒன் வகைநுண்கணிதத்தின் இந்த முதல் பாடத்தில்தான் திரை மிக அதிகமாக உதவும், மிக அதிகமாக ஏமாற்றவும் செய்யும். படிப்படியாக:

1. எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² என்று தட்டுங்கள். அடுத்து சி = 1 என்று தட்டுங்கள். புள்ளியை வைக்கும் இடத்தில் 1 என்று நேராகத் தட்டாமல் இப்படிப் பெயரிட்ட எண்ணாக வைத்தால், பிறகு ஒரே மாற்றத்தில் வேறு புள்ளிக்குப் போகலாம்.

2. கே என்ற ஸ்லைடர்: குறைந்தது 0, அதிகபட்சம் 4, படி 1. எஸ் என்ற ஸ்லைடர்: குறைந்தது −1, அதிகபட்சம் 1, படி 2. இரண்டாவதற்கு −1, 1 என்ற இரண்டு மதிப்புகள்தான் கிடைக்கும். இடமிருந்தா வலமிருந்தா நெருங்குகிறோம் என்பதை அது தீர்மானிக்கும்.

3. எச் = எஸ் × 10^(−கே).

4. ஏ = (சி, எஃப்(சி)), பி = (சி + எச், எஃப்(சி + எச்)). இரண்டு புள்ளிகள் வழியாக ஒரு நேர்கோடு.

5. எம் = (எஃப்(சி + எச்) − எஃப்(சி)) / எச். இதுதான் அந்தக் கோட்டின் சாய்வு. இந்த எண்ணைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டுங்கள்.

6. அமைப்புகளில் முழுமையாக்கலை 5 தசம இடங்களாக மாற்றுங்கள்.

ஆறாவது படியைத் தவறவிட்டால் பாடமே கெடும். மென்பொருள் வழக்கமாக இரண்டு தசம இடங்களைத்தான் காட்டும். எச் 0.001 ஆகும்போது சாய்வு 2.001; திரையிலோ 2 என்று வரும். "எல்லையை அடைந்துவிட்டது சார்" என்று மாணவர் சொல்வார். அடையவில்லை, நெருங்கிக்கொண்டே இருக்கிறது. எல்லை என்ற கருத்தில் உள்ள நுட்பமே இந்த வேறுபாடுதான், அதைத் திரையே மறைத்துவிடுகிறது.

5 இடங்களில் வைத்தால் கே 0, 1, 2, 3, 4 ஆகும்போது வலமிருந்து 3, 2.1, 2.01, 2.001, 2.0001 என்று வரும். எஸ்ஸை −1 ஆக்கினால் 1, 1.9, 1.99, 1.999, 1.9999. இந்தப் பத்து எண்களையும் மாணவர்கள் அட்டவணையாக நோட்டில் எழுத வேண்டும். எழுதும்போதே இரண்டாவது பத்தியின் அடுத்த எண்ணைத் திரைக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். அங்கே நிறுத்தி, கரும்பலகையில் (1 + எச்)² − 1 என்பதை விரித்து எச்சால் வகுத்தால் 2 + எச் வரும். திரையில் பார்த்த கடைசி இலக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

கேயை 4-க்கு மேல் விடாதீர்கள். கணினி ஏறத்தாழ 15, 16 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். எச் மிகச் சிறிதானால், ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது பயனுள்ள இலக்கங்கள் தொலைந்துபோகும். கே 16 ஆனால் 1 + எச் என்பது கணினிக்கு 1 தான். சாய்வு 0 என்று வரும். கூர்மையான மாணவர் ஒருவர் "இன்னும் சிறிதாக்கினால்?" என்று கேட்பார். அப்போது காட்டலாம், அது நல்ல பத்து நிமிடம். ஆனால் முதல் நாளில் வேண்டாம்.

கே 2 ஆனவுடன் இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அப்போது ஏ புள்ளியைச் சுற்றித் திரையைப் பெரிதாக்குங்கள். பெரிதாக்கப் பெரிதாக்க வளைவே நேர்கோடாகத் தெரியும். வகைக்கெழு இருப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல படம் இல்லை.

இதே கோப்பில் எஃப்பை மட்டு எக்ஸ் என்றும் சியை 0 என்றும் மாற்றுங்கள். மாற்றும் முன் கணிப்பு எழுதட்டும். எஸ் 1 ஆனால் சாய்வு எப்போதும் 1. −1 ஆனால் எப்போதும் −1. கே என்னவானாலும் அசையாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் முனை முனையாகவே இருக்கும். அடுத்து கனமூலம்: கே 3 ஆகும்போது சாய்வு 100, ஏறிக்கொண்டே போகும். தொடுகோடு செங்குத்தாக நிமிர்வது தெரியும். "வகைக்கெழு இல்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு காரணங்கள் இருப்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு சிறு கோப்பும் செய்துவையுங்கள். அதில் எச்சே நேரடியாக ஸ்லைடர், −1 முதல் 1 வரை, படி 0.01. எச் 0 ஆகும் நொடியில் கோடு மறைந்து, சாய்வு இருந்த இடத்தில் கேள்விக்குறியோ "வரையறுக்கப்படவில்லை" என்ற சொல்லோ வரும். பலர் இதைக் கோப்பின் கோளாறு என்று நினைத்து, 0-ஐத் தவிர்க்கும்படி ஸ்லைடரைத் திருத்திவிடுகிறார்கள். திருத்தாதீர்கள். 0-க்கு இருபுறமும் கோடு இருக்கிறது, 0-இல் இல்லை. ஏன் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். எல்லை என்ற கருவி எதற்காகத் தேவைப்பட்டது என்பதற்கு அந்த மறையும் கோடே பதில்.

பெட்டிக் கணக்கு

ப்ளஸ் டூவில் பெருமம்-சிறுமம் வந்தவுடன் 12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாளின் நான்கு மூலைகளிலும் சம சதுரங்களை வெட்டி, மடித்துப் பெட்டி செய்யும் கணக்கை எடுங்கள். திரைக்கு முன் உண்மையான தாள். எட்டுக் குழுக்கள், இரண்டு குழுக்களுக்கு 1 செ.மீ. வெட்டு, இரண்டுக்கு 2, இரண்டுக்கு 3, இரண்டுக்கு 4. கன அளவுகள் முறையே 100, 128, 108, 64 கன செ.மீ. வெட்டு 0-க்கும் 6-க்கும் நடுவில் என்பதால் 3-இல்தான் பெருமம் வரும் என்று பாதி வகுப்பு கணித்திருக்கும். அந்த ஏமாற்றம் கையில் பெட்டியோடு வரும்போது மறக்காது.

கோப்பில் ஒரு சாளரத்தில் தாளும் மூலைச் சதுரங்களும்; அடுத்த சாளரத்தில் வெட்டின் நீளம் கிடையாகவும் கன அளவு செங்குத்தாகவும் கொண்ட புள்ளி. புள்ளிக்குச் சுவடு வைத்தால் ஸ்லைடர் நகரும்போது வளைவு தானாக வரையப்படும். ஸ்லைடருக்கு எக்ஸ் என்று பெயர் வைக்க முடியாது. மென்பொருள் அந்த எழுத்தை அச்சுக்கும் சார்புக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறது. டி என்று வையுங்கள். அச்சு விகிதம் மற்றப் பாடங்களில் எல்லாம் 1:1. இங்கே மட்டும் கிடையச்சு 6 வரை, செங்குத்தச்சு 140 வரை போகும்படி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வளைவு திரைக்கு மேலே பறந்துவிடும்.

முழுச் சார்பையும் அப்படியே வரைந்தால் வேறொரு பிரச்சினை வரும். எக்ஸ் × (12 − 2எக்ஸ்)² என்பது 6-ஐத் தாண்டி மறுபடி ஏறுகிறது: 8-இல் மீண்டும் 128, 9-இல் 324. "அப்படியானால் 9 செ.மீ. வெட்டலாமே" என்று ஒரு குரல் வரும். 12 செ.மீ. தாளில் 9 செ.மீ. மூலைகளை எப்படி வெட்டுவது என்று அதே மாணவர் கையில் தாளைக் கொடுங்கள். சார்பகம் என்பது விடைத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்காக எழுதும் சடங்கு என்ற எண்ணம் அன்று போய்விடும். பிறகு 0 முதல் 6 வரை மட்டும் வரையும்படி சார்பைக் கட்டுப்படுத்தி, வகையிட்டு, 2-ம் 6-ம் மாறுநிலை எண்கள் (வகைக்கெழு 0 ஆகும் இடங்கள்) என்று கரும்பலகையில் முடியுங்கள்.

கூம்பை வெட்டுதல்

முப்பரிமாணச் சாளரத்தில் இசட்² = எக்ஸ்² + ஒய்² என்று தட்டினால் அரை உச்சிக்கோணம் 45 பாகை உள்ள இரட்டைக் கூம்பு வரும். எம் என்ற ஸ்லைடரை 0 முதல் 2 வரை, படி 0.01 என்று வைத்து, இசட் = எம் × எக்ஸ் + 1 என்ற தளத்தைச் சேருங்கள். இரண்டு பரப்புகளின் வெட்டைக் காட்டும் கருவியால் வெட்டு வளைவை எடுத்துத் தடித்த நிறம் கொடுங்கள். கூம்பையும் தளத்தையும் நன்றாக ஒளிபுகும்படி மங்கலாக்குங்கள்.

எம் 0 என்றால் வட்டம். 0-க்கும் 1-க்கும் இடையில் நீள்வட்டம். சரியாக 1 என்றால் பரவளையம், 1-ஐத் தாண்டினால் அதிபரவளையம். நிறுத்திப் பேச வேண்டிய இடம் 1-க்குச் சற்று முன்னால் இருக்கிறது. எம் 0.9 ஆகும்போது நீள்வட்டத்தின் தூர முனை எக்ஸ் = 10-இல்; 0.99 ஆகும்போது எக்ஸ் = 100-இல். திரையில் அது பரவளையம்போலவே தெரியும். திரையைச் சுருக்கிக்கொண்டே போனால் எங்கோ தொலைவில் மூடிக்கொள்வது தெரியும். நீள்வட்டத்தின் ஒரு முனை முடிவிலிக்கு ஓடிப்போனால் பரவளையம் என்று சொன்னால் இப்போது கேட்பவருக்குப் படம் இருக்கிறது. தளத்திலுள்ள + 1-ஐ நீக்கி உச்சி வழியாகச் செலுத்தினால் புள்ளி, ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று சிதைந்த வடிவங்களும் கிடைக்கும்.

முப்பரிமாணத்தைச் சாய்வாகப் பார்ப்பதால் வட்டமே நீள்வட்டமாகத்தான் தெரியும். தளத்தின்மீது வலச்சொடுக்கி அதன் இருபரிமாணப் பார்வையைத் திறந்து பக்கத்தில் வைத்தால் உண்மையான வடிவம் தெரியும். இன்னொன்று: பின்னணியைத் தொட்டால் காட்சியே சுழலும். சுழற்றுவதை ஒரே ஒருவர் செய்யட்டும், மெதுவாக. வேகமாகச் சுழற்றினால் எது மேல் எது கீழ் என்று பின் வரிசைக்குத் தெரியாது.

தொகையிடலும் சாய்வுப்புலமும், சுருக்கமாக

எக்ஸ்²-க்கு 0 முதல் 1 வரை கீழ்க்கூட்டல், மேல்கூட்டல் கட்டளைகளைப் போடுங்கள். முதலாவது வளைவுக்குள் அடங்கும் செவ்வகங்களின் பரப்பைக் கூட்டும், இரண்டாவது வளைவை மூடும் செவ்வகங்களின் பரப்பைக் கூட்டும். செவ்வகங்கள் 10 என்றால் 0.285, 0.385. 100 என்றால் 0.32835, 0.33835. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 10-க்கு 0.1, 100-க்கு 0.01, ஏன் என்று கேளுங்கள். எல்லா வேறுபாட்டுச் செவ்வகங்களையும் வலது ஓரத்துக்குத் தள்ளி அடுக்கினால் உயரம் 1, அகலம் ஒரு செவ்வகத்தின் அகலம். 100-க்கு மேல் போனால் கோடுகள் ஒட்டி ஒரே நிறப்பரப்பாகிவிடும், பழைய கணினி திணறும். அதற்குமேல் போய் ஒன்றும் புதிதாகத் தெரியாது.

சைன் வளைவை 0 முதல் 2π வரை தொகையிட்டால் மென்பொருள் 0 என்று சொல்லும். "பரப்பைக் காண்க" என்ற கேள்விக்கு விடை 4. மென்பொருள் அச்சுக்குக் கீழே உள்ளதைக் குறை எண்ணாக எடுத்துக்கொள்கிறது. கேள்வி பரப்பைக் கேட்கிறது.

வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு, ஒவ்வோர் இடத்திலும் தீர்வின் சாய்வைச் சிறுகோடாகக் காட்டும் சாய்வுப்புலக் கட்டளையில் −எக்ஸ்/ஒய் கொடுத்தால் சிறுகோடுகள் ஆதியைச் சுற்றி வளையமாக நிற்கும். தீர்வு வட்டங்கள் என்பதைத் தீர்ப்பதற்கு முன்பே மாணவர்கள் வரைந்துவிடுவார்கள். குறியை மாற்றினால் அதிபரவளையங்கள்.

திரை பொய் சொல்லும் இடங்கள்

(எக்ஸ்² − 4)/(எக்ஸ் − 2) என்று தட்டினால் ஓட்டையே இல்லாத நேர்கோடு வரும். ஒரு புள்ளிக்கு அகலம் இல்லை, திரையில் காட்ட இடமில்லை. எஃப்(2) என்று தட்டினால் மதிப்பு இல்லை என்று வரும். (2, 4)-இல் நீங்களே வெற்று வட்டம் ஒன்றை வைத்துவிடுங்கள்.

சைன்(1/எக்ஸ்) ஆதிக்கருகே கண்டபடி ரம்பப் பற்களாக வரும். அது சார்பின் வடிவமல்ல. திரை எடுத்துக்கொண்ட மாதிரிப் புள்ளிகள் போதாமல் வந்த உருவம்.

சைன் 30 என்று தட்டினால் மென்பொருள் 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு −0.988 என்று சொல்லும். பாகைக் குறியோடு தட்டினால்தான் 0.5. முக்கோணவியல் பாடங்களில் கிடையச்சின் அலகை π என்றும் இடைவெளியை π/2 என்றும் மாற்றிவிட்டால் படம் பாடநூலோடு ஒத்துப்போகும். இயல்மடக்கைக்கு எப்போதும் எல், என் என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தையே தட்டுங்கள். மற்றச் சுருக்கங்களில் அடிமானக் குழப்பம் வரும்.

வகுப்பு முழுவதையும் பதில் சொல்ல வைப்பது

மாணவர் கையில் செல்போன் இல்லாத வகுப்பில் வாக்கெடுப்புக்கு எளிய வழி விரல்கள்: ஒன்று முதல் நான்கு வரை, மார்போடு ஒட்டிக் காட்ட வேண்டும். பக்கத்தில் உள்ளவருக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும். கொஞ்சம் கூடுதலாகச் செய்ய விரும்பினால் பிளிக்கர்ஸ் அட்டைகள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனிக் குறியுள்ள அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஆசிரியர் தன் ஒரே போனின் கேமராவால் வகுப்பைத் துழாவினால் எல்லா விடைகளும் பதிவாகும். அட்டைகளை லேமினேட் செய்யும் ஆசை வரும். பளபளப்புத் தாளில் விளக்கொளி பட்டுக் குறி படிக்காமல் போகும், கெட்டியான சாதாரண அட்டையே நல்லது. குறியின் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வியின் தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழையைப் பிடிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வகைக்கெழுவின் வரைபடத்தை மட்டும் திரையில் காட்டி, "மூலச் சார்புக்குப் பெருமம் எங்கே?" என்று கேளுங்கள். ஒரு விடை திரையில் தெரியும் வளைவின் உச்சி. படத்தையே சார்பாக எடுத்துக்கொண்டவர் அதைத் தேர்வார். இன்னொன்று, வளைவு அச்சைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் இடம். 0 என்பதை மட்டும் பார்த்துக் குறிமாற்றத்தைப் பார்க்காதவருக்கு. மூன்றாவது, அச்சைத் தொட்டுத் திரும்பும் இடம். சரியான விடை, மேலிருந்து கீழாகக் கடக்கும் இடம்.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் பரப்பிய முறை இங்கே கைகொடுக்கும். ஏறத்தாழ 30-இலிருந்து 70 விழுக்காடு பேர் சரியாகச் சொல்லியிருந்தால் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லி, மறுபடி வாக்கெடுங்கள். அதைவிடக் குறைவு என்றால் வாதம் பயனில்லை, பாடத்துக்குத் திரும்புங்கள். அதிகம் என்றால் ஒரு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள். முதல் வாக்கெடுப்பின் முடிவைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் பெரும்பான்மைப் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள்.

கரும்பலகைக்குத் திரும்புவது

45 நிமிட பீரியடில் திரை எரியும் நேரம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ப்ளஸ் டூ பொதுத்தேர்வின் 90 மதிப்பெண்ணில் 70 எழுதிக் காட்டும் விடைகளுக்கு. அங்கே ஸ்லைடர் கிடையாது. திரையில் பார்த்ததைப் பலகையை அணைத்துவிட்டு நினைவிலிருந்து கையால் வரையச் சொல்லுங்கள்: அச்சுகள், வெட்டுத்துண்டுகள், முக்கியப் புள்ளிகள், பிறகு வளைவு. தொலைகோடு இருந்தால் அதை முதலில். அணைக்காமல் வரையச் சொன்னால் வரைய மாட்டார்கள், படியெடுப்பார்கள்.

மின்சாரம் போகும் நாளுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு நிலைகளின் படத்தை ஒரே தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக் கணக்கென்றால் வெட்டு 1, 2, 3, 4. கோப்புகளுக்கு "புதியது", "இறுதி", "இறுதி 2" என்று பெயர் வைக்காமல் வகுப்பு, பாட எண், கருத்து என்ற வரிசையில் வையுங்கள்: "12-05-கூம்பு வெட்டு". ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி கணினியில். வகுப்பில் மாற்றிய கோப்பை மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், அடுத்த பிரிவு மாணவர்களுக்கு அது தொடக்க நிலையிலேயே திறக்க வேண்டும்.